இரும்பு குடித்த நீர்

திண்டுக்கல் என்றவுடன் பிற ஊரார் நினைவுக்கு வருவது பூட்டு. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்பை அறுத்தும் அராவியும் துளையிட்டும் பிழைத்த கைகள் இந்நகரில் மிகப் பல. எனினும் இக்கட்டுரை பூட்டைப் பற்றியதன்று. இரும்பைக் கடையும்போது, உளி படும் இடத்தில் ஊற்றப்படுகின்ற நீர்மத்தைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று மூத்தோர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஆதலின் காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றங்கரையில் உள்ளது தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண்சிற்பங்களைக் காண அயலூரார் பலர் வருவர். அவ்வூருக்குச் செல்லும் வழியில் என் பழைய மாணவர் ஒருவர் கடைசல் பட்டறை நடத்துகிறார். இளங்கலைத் தமிழ் படித்தவர். தந்தையார் மறைவுக்குப் பின் அவர்தம் தொழிலை ஏற்றார். சென்ற ஆண்டு ஒரு நாள் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு தாள்களை என் மேசைமேல் வைத்தார்.

“ஐயா, இதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பட்டறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். வேலை செய்பவர் ஒருவருக்கும் இது படிக்கத் தெரியாது” என்றார்.

வெட்டு நீர்மத்தின் பாதுகாப்புக் குறிப்பு அது. உடன், குளிர்விக்கும் புதுக் கருவி ஒன்றை விற்க வந்தவர் தந்த விளக்கத் தாளும் இருந்தது. இரும்பின்மேல் ஊற்றும் தண்ணீருக்கு நான்கு பக்க விளக்கமா என்று உள்ளூர நகைத்துக்கொண்டேதான் வாங்கினேன். மொழிபெயர்க்க அமர்ந்தபின் நகைப்பு அடங்கிற்று. பொருள் விளங்காமல் சொல் அமையாது என்பதனால் பட்டறைக்குச் சென்றேன். இயற்பியல் துறை நண்பர்களைத் தொந்தரவு செய்தேன். சில ஆய்வுகளையும் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

லேத்து என வழங்கும் கடைசல் எந்திரத்தில் இரும்புத்தண்டு சுழல்கிறது. பட்டறையார் ‘டூல்’ என்னும் வெட்டுளி அதன்மேல் பதிகிறது. உலோகம் சுருள்சுருளாகச் சீவப்பட்டு வெளியேறுகிறது. கத்தியால் வாழைக்காய் சீவுவது போன்ற செயல் என்று முதலில் எண்ணினேன், அது தவறு. உளியின் முன்னே உலோகம் நசுங்கி, ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காக வழுக்கி, பின்னரே சுருளாகிறது. அச்சுருள் உளியின் முகத்தைப் பேரழுத்தத்துடன் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. நசுக்கவும் தேய்க்கவும் செலவான ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுருள் கொண்டுபோய்விடும். எஞ்சியது உளியின் நுனியில் தங்கும். தங்குமிடம் மிகச் சிறியது. ஆதலால் அங்கு வெப்பநிலை 600 பாகை, சில வேளைகளில் 1000 பாகை செல்சியசையும் எட்டிவிடும். அதிவேக எஃகால் ஆன உளி 600 பாகையளவில் தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். கூர் மழுங்கும், மழுங்கிய உளி மேலும் தேய்க்கும், தேய்க்கத் தேய்க்க வெப்பம் ஏறும். நீர்மம் ஊற்றுவது இச்சுழலைத் தடுக்கவே.

நீரும் காய்ந்த இரும்பும் சந்திப்பது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 21ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார், பாண்டியன் உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய கானப்பேர்க் கோட்டையைப் பகைவன் மீண்டும் பெறுவது எத்துணை அரிது என்று கூறவருகிறார். கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு குடித்துவிட்ட நீர் மீளாதன்றோ, அதனினும் அரிது என்பது அவர் காட்டும் உவமை. வகுப்பில் இருபது ஆண்டுகளாக இதனை நடத்தியுள்ளேன். நீர் எங்கே போயிற்று என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. நீர் ஆவியாயிற்று; போகும்போது இரும்பின் வெப்பத்தையும் உடன்கொண்டு போயிற்று. ஒரு கிலோகிராம் கொதிநீர் ஆவியாவதற்கு 2257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எளிதில் கிடைக்கும் நீர்மங்களுள் இத்துணை வெப்பத்தை விழுங்கவல்லது நீரைப்போல் வேறில்லை.

இவ்வுண்மையைத் தொழிற்கூடத்தில் அளந்து காட்டியவர் அமெரிக்கரான பிரடெரிக் டெய்லர். பிலடெல்பியாவில் இருந்த மிட்வேல் எஃகுத் தொழிற்சாலையில் 1883ஆம் ஆண்டு அவர் செய்த சோதனை எளியது. அந்நாள் வரை உளியின்மேல் நீரைச் சொட்டுச் சொட்டாகவே விட்டுவந்தனர். அவர் தாரையாகப் பாய்ச்சினார். கடையும் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை உயர்த்த முடிந்தது. இரும்பு துருவேறாமலிருக்க நீரில் சோடாவைக் கரைத்துக்கொண்டார். இச்செய்தி 1906ஆம் ஆண்டு அவர் நிகழ்த்திய நீண்ட உரையில் உள்ளது.

நீர் குளிர்விக்குமேயன்றி வழுக்கச் செய்யாது. உராய்வைக் குறைப்பது எண்ணெயின் தொழில். இதனை ‘உயவு’ என்று கலைச்சொல்லாக்கினர். வண்டியின் அச்சுக்கு இடும் நெய்யை உயவுநெய் என்பது பழைய வழக்கு. உயவு என்பதற்கு வருத்தம் என்ற பொருளும் உண்டு. அச்சின் வருத்தம் தீர்க்கும் நெய் என்று நானாகப் பொருள் சொல்லி மகிழ்ந்ததுண்டு. சொல்லாராய்ச்சியாளர் ஒப்புவார்களோ, அறியேன்! நம் பாட்டனார் வைக்கோற்கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மூங்கிற் குழாயில் வைத்திருந்த வண்டிமையும் இதுவே.

ஆக வேண்டுவன இரண்டு: குளிர்ச்சியும் வழுவழுப்பும். ஒன்றை நீர் தரும்; மற்றொன்றை எண்ணெய் தரும். இரண்டும் ஒன்றோடொன்று சேரா. சோப்புப் போன்ற பொருளொன்றை இடையில் நிறுத்தி, ஒரு பங்கு எண்ணெயை இருபது பங்கு நீரில் கலந்தால் பால்போன்ற வெண்ணீர் உண்டாகும். பட்டறைகளில் ‘கூலண்ட்’ என்று தொட்டியில் நிறைந்திருப்பது இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொழில் வளர்ச்சியை இவ்வெண்ணீர் நனைத்த அளவு வேறெதுவும் நனைக்கவில்லை எனலாம்.

ஆனால் அதில் நாள்தோறும் நனைந்த கைகளையும் பார்க்க வேண்டும். என் மாணவரின் பட்டறையில் அவர் தந்தையார் காலத்திலிருந்தே வேலை செய்யும் டர்னர் ஒருவர் இருக்கிறார். மாணவர் அவரை மாமா என்றே அழைப்பார். கை கொடுத்தபோது கவனித்தேன்; விரல்களின் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. “உளூ செய்யும்போது தண்ணீர் பட்டாலே எரியுது சார், முப்பது வருசப் பழக்கம்” என்றார், நோய் என்ற எண்ணமே இல்லாதவராக. எண்ணெயும் நீரும் கலந்த தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகும். எந்திரம் ஓடாத விடுமுறை நாள் கழிந்து மறுநாட்காலை பட்டறையைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அதனை அடக்கக் கொல்லிமருந்து ஊற்றுவர். அம்மருந்து தோலையும் அரிக்கும். நீர்மம் புகையாகி மூச்சிலும் ஏறும். ஒரு கன மீட்டர் காற்றில் இப்புகை 0.4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. நூற்பாலைகள் நிறைந்த நம் மாவட்டத்தார்க்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். நூற்கும் எந்திரத்தின் கதிர்களுக்கு இட்ட கனிம எண்ணெய் தெறித்துத் தெறித்து ஆடை நனைந்த தொழிலாளர்க்குத் தோற்புற்று வந்ததை மான்செஸ்டர் நகர மருத்துவர்கள் 1922ஆம் ஆண்டிலேயே எழுதினர். இன்று நன்கு தூய்மை செய்த எண்ணெயே பயன்படுகிறது. ஆயினும் பீப்பாயின்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எது தூயது என்று தொழிலாளி எப்படி அறிவார்?

அந்த டர்னரே மற்றொரு வினாவையும் கேட்டார். “சார், இதிலே கொழுப்பெண்ணெய்னு போட்டிருக்குன்னு தம்பி சொல்லுது. எந்தக் கொழுப்பு?” வீணான ஐயமன்று. மேலைநாடுகளில் மறை வெட்டுவதற்கும் துளையிடுவதற்கும் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது பன்றிக் கொழுப்பிலிருந்து பிழிந்த எண்ணெய். இன்று பெரிதும் கனிம எண்ணெயும் தாவர எண்ணெயும் செயற்கைப் பொருள்களுமே இடம்பெறுகின்றன என்றாலும், தாளில் ‘கொழுப்பெண்ணெய்’ என்ற ஒரு சொல்லே இருந்தது. விற்பனையாளரை எழுத்து மூலம் கேட்கச் சொன்னேன். சில நாள் கழித்துத் தாவர எண்ணெய் என்று விடை வந்தது. அதனையும் தமிழ்த் தாளில் சேர்த்தேன்.

இனி அந்தப் புதுக் கருவிக்கு வருவோம். கோயம்புத்தூர் நீரேற்றிகளுக்காகத் துருப்பிடிக்கா எஃகுத் தண்டுகள் கடைந்து தரும் வேலை என் மாணவருக்குக் கிடைத்திருந்தது. அவ்வெஃகு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கே கடத்தும். வெப்பம் சுருளோடும் தண்டோடும் ஓடிவிடாமல் உளியிலேயே தங்கும். போதாக்குறைக்கு, வெட்ட வெட்ட மேற்பரப்பு இறுகும். உளிகள் விரைவில் தேய்ந்தன. ‘தாழ்வெப்பக் குளிர்விப்பு ஒன்றே வழி’ என்று விற்பனையாளர் சொன்னாராம்.

தாழ்வெப்பம் என்ற ஒரு சொல்லுக்குள் பல படிகள் உள. வெண்ணீரையே குளிர்பதனப் பெட்டி வழியாகச் செலுத்திக் குளிரவைத்துப் பாய்ச்சலாம். ஊர்தியின் ரேடியேட்டரில் ஊற்றும் கிளைக்கால் வகைப் பொருளைச் சேர்த்தால், பூச்சியத்துக்குக் கீழும் உறையாத நீர்மம் கிடைக்கும். அடுத்த படி குளிர்காற்று. பிரெஞ்சு அறிஞர் ரான்க் 1930களில் கண்டறிந்து, செருமானியர் ஹில்ஷ் 1947இல் விளக்கிய சுழற்குழாய் விந்தையானது. அழுத்திய காற்றை அதன் பக்கவாட்டில் செலுத்தினால் ஒரு முனையில் வெந்த காற்றும் மறுமுனையில் உறைகுளிர்க் காற்றும் வெளிவரும். உள்ளே சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை! அக்காற்றோடு மிகச் சிறிதளவு எண்ணெய் மட்டும் தூவுவதுண்டு. அதற்கும் கீழே கரியமில வாயுப் பனி. அதன் வெப்பநிலை கழித்தல் 78 பாகை. எல்லாவற்றிற்கும் கீழே நீர்ம நைட்ரஜன், கழித்தல் 196 பாகை.

நீர்ம நைட்ரஜன் ஏதோ விண்வெளிப் பொருள் என்று நம் மாணவர்கள் மலைக்க வேண்டுவதில்லை. கால்நடை மருந்தகத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் கலத்தைத் திறந்தால் வெண்புகை எழுமே, அதனுள் இருப்பது அதுதான். மாடு வளர்க்கும் தாடிக்கொம்பு உழவர் யாவரும் கண்டிருப்பர்.

இங்கேதான் ஒரு தெளிவு வேண்டும். குளிர்ச்சி வேறு, குளிர்விக்கும் ஆற்றல் வேறு. ஒரு கிலோகிராம் நீர்ம நைட்ரஜன் ஆவியாகும்போது விழுங்கும் வெப்பம் 199 கிலோஜூல். அதாவது நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆவியான பின் அறை வெப்பநிலைக்கு ஏறும்வரை உட்கொள்வதையும் சேர்த்தால்கூட, அறைநீர் கொதித்து ஆவியாவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே வரும். ஐயூர் மூலங்கிழாரின் நீர் இக்கணக்கில் தோற்கவில்லை! பின் ஏன் நைட்ரஜன்? வெப்பம் பாயும் விரைவு இருபுறத்து வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கழித்தல் 196 பாகை அவ்வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. உளியின் உடலையே அது குளிரவைத்துவிடுவதால் நுனியின் கடினம் குலையாது. ஆயினும் குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி தன் ஆவியின்மேல் தானே மிதந்து ஓடுவதைப்போல், நைட்ரஜனும் ஆவிப்படலத்தின்மேல் மிதந்துவிடும். மெல்லிய தாரையாக, சுருளும் உளியும் உராயும் அந்த முடியிழை இடத்தை நோக்கிப் பீச்ச வேண்டும்.

இதனைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியவர்கள் உளர். அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தனஞ்செழியன், பிரதீப் குமார் ஆகியோர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உளியின் வெட்டுமுனையையே துளையிட்டு மாற்றியமைத்து, அதன் வழியே நீர்ம நைட்ரஜனைச் செலுத்தி டைட்டானியக் கலவையைக் கடைந்தனர். வழக்கமான நீர்மம் ஊற்றிக் கடைவதோடு ஒப்பிட, வெட்டுமிடத்து வெப்பநிலை 61 முதல் 66 விழுக்காடு குறைந்தது. வெட்டு விசை 35 முதல் 42 விழுக்காடும், உளியின் பக்கத் தேய்வு 27 முதல் 39 விழுக்காடும் குறைந்தன. டைட்டானியக் கலவை வானூர்திகளுக்கும் விண்கலங்களுக்கும் வேண்டுவது. எஃகில் ஏழில் ஒரு பங்கே அது வெப்பத்தைக் கடத்தும். அத்தகைய பிடிவாதமான உலோகத்திற்கு நைட்ரஜன் தக்க மருந்து.

வழுவழுப்பைத்தான் நைட்ரஜன் அவ்வளவாகத் தருவதில்லை. அதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயோ குளிரில் உறையும். இதனை விளக்கத் தேங்காயெண்ணெயைவிட நல்ல சான்று இல்லை. 2009ஆம் ஆண்டு வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தின் அந்தோணி சேவியர், ஆதித்தன் இருவரும் துருப்பிடிக்கா எஃகைக் கடைவதில் தேங்காயெண்ணெயைப் பிற வெட்டு நீர்மங்களோடு ஒப்பிட்டனர். உளித்தேய்வைக் குறைப்பதிலும் பரப்பை மெருகாக்குவதிலும் தேங்காயெண்ணெயே முந்தியது. ஆனால் அது 24 பாகையளவிலேயே உறைவது. மார்கழிக் காலையில் புட்டியை வெயிலில் வைத்துக் காத்திருக்கும் நமக்கா இது தெரியாது? குளிர்காற்றோடு தூவினால் குழாய்முனையிலேயே கட்டிவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறன்று, பூச்சியத்துக்குக் கீழ்ப் பல பாகை சென்ற பின்னரே உறையும். முதல் உலகப்போரின் வானூர்திகளில் அது உயவெண்ணெயாகப் பயன்பட்டது. பாட்டனாரின் மூங்கிற் குழாய்க்கு இஃதொரு பெருமை!

தாள்களிலேயே நான் மிகக் கவனமாகத் தமிழாக்கிய பகுதி நைட்ரஜனின் தீங்கு பற்றியது. அது நஞ்சன்று, நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுவே. ஆனால் ஒரு லிட்டர் நீர்மம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். அடைத்த அறையில் அது உயிர்க்காற்றைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை, மூச்சு முட்டுகிறதென்ற உணர்வும் வராமலே மனிதர் சாய்ந்துவிடுவர். குளிர்ந்த வாயு பள்ளத்தில் தேங்கும். விழுந்தவரைத் தூக்கக் குனிந்தவரும் விழுவார். மேலே பட்டால் தீக்காயம்போல் தோல் வெந்துபோகும். கதவு, சாளரங்களைத் திறந்து வைக்காமல் இதனைக் கையாளலாகாது.

இன்னொரு கேள்வியை எந்தத் தாளும் போதிய அளவு சொல்லவில்லை: பழைய வெண்ணீரை எங்கே ஊற்றுவது? பட்டறையின் பின்புறம் சென்று பார்த்தேன். மண் கறுத்திருந்தது, முப்பதடி தள்ளிக் கிணறு. என் மாணவர் தலைகுனிந்தார். நம் சமவெளியார்க்கு இது தெரியாத பாடமன்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் இருந்த 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்பது அது. அவற்றைக் கெடுத்தது தோல் பதனிடும் கழிவு. தோல் தொழிலில் நம்மவர் பலர் இருந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நைட்ரஜனும் குளிர்காற்றும் கொண்ட பெரிய சிறப்பு இதுதான் என்பது என் கருத்து. வேலை முடிந்தபின் அவை காற்றோடு காற்றாகும். கொட்ட ஒன்றும் மிஞ்சாது. சுருளும் உலர்ந்தே விழும்.

அதற்காக ஒவ்வொரு பட்டறையும் நைட்ரஜன் வாங்க வேண்டும் என்று கூறமாட்டேன். வெண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். நைட்ரஜன் ஒருமுறை போனால் போனதுதான். அதனை நீர்மமாக்கச் செலவாகும் மின்சாரமும் கொஞ்சமன்று. துருப்பிடிக்கா எஃகுத் தண்டுக்கு அது யானைவிலை. என் மாணவரிடம் அழுத்திய காற்று தரும் கருவி முன்னரே இருந்தது. சுழற்குழாய் ஒன்றையும் துளித்துளியாக எண்ணெய் விடும் அமைப்பையும் மட்டும் ஓர் எந்திரத்தில் பொருத்தினார். உளி முன்னைவிடக் கூடுதல் தண்டுகளுக்குத் தாங்குவதாகச் சொல்கிறார். காற்றின் இரைச்சல் காதைத் துளைக்கிறது என்றும் சொல்கிறார். மற்ற எந்திரங்களில் வெண்ணீரே ஓடுகிறது. அதன் செறிவை வாரந்தோறும் அளக்கிறார்கள். மிதக்கும் அழுக்கெண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். பழையது பீப்பாயில் சேர்கிறது. டர்னர் தோல் மருத்துவரிடம் சென்றுவந்தார். உள்ளே பருத்தித் துணி வைத்த கையுறையை, எந்திரம் நின்றிருக்கும்போது தொட்டி கழுவ மட்டும் அணிகிறார்; சுழலும் லேத்தின் அருகே கையுறை கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே.

தமிழ்த் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. அண்மையில் சென்றபோது நெருங்கிப் பார்த்தேன். நான் ‘உயவு’ என்று எழுதிய இடங்களையெல்லாம் எழுதுகோலால் அடித்து, மேலே ‘மசகு’ என்று எழுதியிருந்தார் டர்னர். அடுத்த படியில் நானும் மசகு என்றே எழுதிக் கொடுத்தேன்.